எனக்கு முன்னால் வந்தவள்

பகல் மூன்று மணிக்கு அந்த வீட்டுக் கதவைத் தட்டினேன். வருகிறேன் என்று எழுதியிருந்த நாளுக்கு மூன்று நாள் பிந்தி. மழையில் நனைந்து, ஒரு செருப்பு வார் அறுந்து, தோள்பையைத் தவிர வேறெதுவும் இல்லாமல் நின்றேன். நாற்பத்து நான்கு வருடம் கழித்துப் பிறந்த வீட்டுக்கு வருகிறவள் இப்படியா வந்து நிற்பது என்று என் மேலேயே எனக்கு எரிச்சலாக இருந்தது.

கதவைத் திறந்தவள் அண்ணிதான். பெரியம்மா மகனோடு புகைப்படத்தில் பார்த்த அதே அகன்ற நெற்றி. வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததைச் சொல்ல வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"இப்பத்தானேம்மா கெளம்பினே? எதை மறந்துட்டுப் போனே?"

வேறு யாரையோ நினைத்துக்கொண்டு பேசுகிறாள் என்று நினைத்தேன். "அண்ணி, நான் இப்பத்தான் வர்றேன்" என்றேன்.

"விளையாடாதே. உன்னை பஸ் ஏத்திவிடத்தானே அண்ணன் போயிருக்கார். ஐயையோ, என்ன இப்படி நனைஞ்சிருக்கே? இந்தத் துணியை எப்ப மாத்தினே?"

என் தோளைப் பிடித்து உள்ளே இழுத்தாள். பழகிய கை மாதிரி இழுத்தாள். மூன்று நாளாகப் பழகிய கை என்று அப்போது எனக்குத் தெரியாது.

தாமதம் என்றால் எனக்கு ஆகாது. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் லினன் அறை என் பொறுப்பு. நாளொன்றுக்கு எண்ணூறு படுக்கை விரிப்பு, எண்ணூறு தலையணை உறை, எல்லாம் என் கண்ணைத் தாண்டித்தான் வார்டுக்குப் போகவேண்டும். அங்கே ஒரு சட்டம் உண்டு. அடுத்த ஷிப்டுக்காரி வந்து, சாவி கைக்குக் கை மாறிய பிறகுதான் இருப்பவள் இடத்தை விட்டு நகரலாம். அவள் வரவில்லை என்றால் பசித்தாலும், கால் கடுத்தாலும் அங்கேயே கிடக்க வேண்டியதுதான். ஒருமுறை நகரமே வெள்ளத்தில் மிதந்தபோது இரண்டு நாள் அப்படிக் கிடந்திருக்கிறேன். அந்த இரண்டு நாளில், வராதவளை நான் திட்டாத திட்டில்லை.

அம்மா போய் எட்டு மாதம் ஆகிறது. அவளும் நானுமாக இருந்த வீடு. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டு ஓய்ந்தவர்களும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். தம்பி வேறு ஊரில் பிள்ளைகுட்டியோடு இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை போனில் பேசுவான். மற்ற ஆறு நாளும் 'சாப்பிட்டியா' என்று கேட்க ஒரு ஜீவன் கிடையாது. அப்போதுதான் அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது. சாலையை அகலப்படுத்துகிறார்கள், திங்கட்கிழமை வீட்டை இடிக்கிறார்கள், அதற்குள் ஒருதரம் வந்து பார்த்துவிட்டுப் போ. கடைசி வரியில், 'உனக்குன்னு இங்க நாங்க இருக்கோம்.'

அந்தக் கடைசி வரியை எத்தனை முறை படித்தேன் என்று சொன்னால் வெட்கக்கேடு. அந்த ஒரு வரிக்காகத்தான் கிளம்பினேன். யாராவது என்னைப் பார்த்து, இவள் நம்ம வீட்டுப் பெண் என்று ஒருதரம் சொல்லிக் கேட்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

கூட வருவதாகச் சொன்ன தம்பி கடைசி நாளில் கையை விரித்துவிட்டான். ரயில் அரை மணி தாமதம். பஸ்ஸில் பெட்டியை மேலே ஏற்றி நானும் உட்கார்ந்த பிறகு, கைக்குழந்தைக்காரி ஒருத்திக்காக கண்டக்டர் என்னை எழுப்பினார். "பின்னாடியே இன்னொரு வண்டி வருதும்மா, அஞ்சு நிமிஷம்தான்" என்றார். என் நீலப் பெட்டி முன்வண்டியோடு பாலத்தைத் தாண்டிப் போனது. பின்வண்டி ஆற்றங்கரைக்கு வந்தபோது தண்ணீர் பாலத்துக்கு மேல் ஓடியது. மூன்று நாள் கரையோரத்தில் ஒரு லாட்ஜில், பூஞ்சை பிடித்த சுவரைப் பார்த்தபடி கிடந்தேன். போன் சார்ஜர் பெட்டிக்குள். வீட்டுச் சாவி, ஆஸ்பத்திரி அடையாள அட்டை, ஊரிலிருந்து நேராக டூட்டிக்குப் போகலாம் என்று மடித்து வைத்த யூனிபார்ம், எல்லாம் பெட்டிக்குள்.

வெள்ளிக்கிழமை மதியம்தான் பாலம் திறந்து முதல் பஸ் போனது. இறங்கும் இடத்தில் ஒரே நெரிசல். திரும்பிப் போகும் அதே பஸ்ஸில் ஏறுவதற்கு அடித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். படியில் என் செருப்பு வார் அறுந்து நான் தடுமாற, கீழேயிருந்து யாரோ என் கையைப் பிடித்தார்கள். ஜில்லென்று இருந்தது அந்தக் கை. மழைதானே என்று விட்டுவிட்டேன். செருப்பைத் தேடிக் குனிந்ததில் முகத்தைப் பார்க்கவில்லை.

அண்ணி துண்டும் சூடாக ஒரு டம்ளர் டீயும் கொடுத்தாள். நான் நடந்ததையெல்லாம் சொல்லி முடித்ததும் டம்ளர் கொண்டுவந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"அப்போ செவ்வாக்கெழமை வந்தது யாரு?"

செவ்வாய் மாலை ஐந்து மணி. நான் கடிதத்தில் எழுதியிருந்த அதே நேரம். கதவு தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தாளாம். நீலப் பெட்டியோடு நான் நின்றேனாம்.

"போட்டோல இருக்கற மாதிரியே இருந்தா. இதே மூக்கு. இதே குரல். நல்லாப் பேசினா, சிரிச்சா. உங்கம்மாவோட கடைசி நாளைப் பத்தி எல்லாம் சொன்னா. மூச்சுத் திணறினப்போ நெஞ்சைத் தடவித் தடவி விடிய விடிய உக்காந்திருந்ததை. என் மடியில படுத்து அழுதா. நானும் அழுதேன்."

அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. தம்பியிடம்கூட. எட்டு மாதமாக நெஞ்சில் வைத்துக்கொண்டு, இந்த வீட்டில் வந்து இறக்கிவைக்கலாம் என்று சுமந்து வந்தது. நான் அழுவதற்காக வைத்திருந்ததை எல்லாம் அவள் அழுதுவிட்டுப் போயிருந்தாள்.

பயம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது பொறாமை. அதை ஒளிப்பானேன்.

"அப்ப நீ யாரும்மா?" என்று கேட்டாள் அண்ணி. மெதுவாகத்தான் கேட்டாள். ஆனால் இரண்டடி தள்ளிப்போய் நின்றுகொண்டு கேட்டாள்.

அட்டையைக் காட்டலாம் என்று தோள்பைக்குக் கை போனது. அட்டை பெட்டியில் இருந்தது. பெட்டி அவளிடம் இருந்தது.

"அவ தங்கின ரூம் எது?" என்றேன்.

மாடியில் பின்பக்கம் என்று கையைக் காட்டினாள். கூட வரவில்லை.

மரப்படி. ஒவ்வொரு படியும் முனகியது. மேலே போகப் போக ஒரு வாடை. எனக்கு நன்றாகத் தெரிந்த வாடை அது. ஈரத்தோடு மடித்துக் கட்டி, பிரிக்காமல் மறந்துபோன துணி மூட்டையில் வரும். எங்கள் லினன் அறையில் ஒருமுறை அலமாரிக்குப் பின்னால் விழுந்த மூட்டை ஆறு மாதம் கழித்துக் கிடைத்தது. இது அதைவிடப் பழையது.

அறையில் ஒரு கட்டில், ஒரு ஜன்னல். ஜன்னலிலிருந்து பார்த்தால் பஸ் வரும் சாலை முழுக்கத் தெரிந்தது. மழை சன்னமாகிவிட்டிருந்தது. ஜன்னல் கம்பியில் கீழிருந்து இரண்டாவது கம்பி மட்டும் பெயிண்ட் தேய்ந்து பளபளத்தது. நின்று பார்க்கும் பெரியவர்களின் கை அங்கே போகாது. நான் குனிந்துதான் தொட வேண்டியிருந்தது.

கட்டில் விரிப்பைப் பார்த்தேன்.

இழுத்துச் சுருக்கமில்லாமல் விரித்து, மூலையை உறை மாதிரி மடித்து மெத்தைக்கடியில் செருகியிருந்தது. தலையணை உறையின் வாய் கதவுக்கு எதிர்ப்பக்கம் பார்த்திருந்தது. எங்கள் ஆஸ்பத்திரி மடிப்பு. நான் இருபத்தாறு வருடமாகப் போட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் கற்றுக்கொடுத்த மடிப்பு.

ஆனால் நான் வலதிலிருந்து மடிப்பேன்.

இது இடதிலிருந்து மடித்திருந்தது.

கீழே கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அண்ணன் வந்திருந்தார். அறுபதுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும் அவருக்கு. மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றார். படியிறங்கி வரும் என்னைப் பார்த்தார். ஆச்சரியப்படவில்லை.

"நேரா மிதிச்சு எறங்கற" என்றார்.

"என்ன?"

"மூணாவது படி. அவ அதைத் தாண்டித்தான் கால் வச்சா, மூணு நாளும். நாம சின்னப் பசங்களா இருந்தப்போ அது ஒடைஞ்சிருந்தது. அதைச் சரிபண்ணி முப்பது வருஷமாச்சு. மொத நாள் அவ தாண்டினப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர் அவரைச் சுற்றித் தரையில் வட்டமாகப் பரவியது.

"உன்னை உங்கம்மா எப்படிக் கூப்பிடுவாங்க?"

தம்பிக்கு மூத்தவள் நான். ஆனாலும் அம்மா சாகும்வரை என்னைச் 'சின்னவளே' என்றுதான் கூப்பிட்டாள். தம்பி அதைச் சொல்லிச் சொல்லிக் கிண்டல் செய்வான். அம்மா மட்டும் சிரிக்க மாட்டாள்.

"சின்னவளேன்னு."

"ஆமா. நீ சின்னவ. உன்னோட சேர்ந்து பொறந்தவ பெரியவ."

கொஞ்சங்கொஞ்சமாகச் சொன்னார். இரட்டைக் குழந்தைகள். இரண்டாவதாக வந்த நான் கைக்குள் அடங்கும் அளவில் இருந்தேனாம், இரண்டு நாள் தாங்காது என்றார்களாம். பிறப்பைப் பதியும் ஆபீஸ் ஒரு நாள் தூரம். அப்பா போய்ப் பெரியவளை மட்டும் பதிந்துவிட்டு வந்தார். போகப்போகிற பிள்ளைக்குப் பேர் எதற்கு, காகிதம் எதற்கு? ஆனால் நான் போகவில்லை. நாளைக்குப் பதியலாம், அடுத்த மாதம் பதியலாம் என்று நாலு வருடம் ஓடிவிட்டது. காகிதம் இல்லாத பிள்ளையை வண்டியில் ஏற்றமாட்டார்கள். ஊரை விட்டுக் கிளம்பும் நாளில் கையில் இருந்தது ஒரே காகிதம், ஒரே பேர்.

"அன்னைக்குன்னு பெரியவளுக்குத் தட்டம்மை. ஒடம்பு அனலாக் கொதிச்சுது. வண்டில ஏத்தமாட்டேன்னுட்டாங்க. அதனால அவ காகிதத்துல உன்னைக் கூட்டிட்டுப் போனாங்க. ஒரு மாசத்துல வந்து இவளை அழைச்சுக்கறோம்னு சொன்னாங்க. எங்கம்மா அவகிட்ட, 'தங்கச்சி வருவா, அவ வந்ததும் நீ போலாம்'னு சொல்லி வச்சாங்க. மேல அந்த ஜன்னல்லயே நின்னா. காய்ச்சலோட நின்னா. பதினோரு நாள்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. அவ்வளவுதான். எங்கம்மா எழுதினாங்க. உங்கம்மா பதில் போடல. இந்தப் பக்கமே வரல."

அண்ணி சுவரோடு சாய்ந்து வாயைப் பொத்திக்கொண்டாள். என்னால் அழவும் முடியவில்லை. நாற்பத்தெட்டு வயதில், என் பேர் என் பேரில்லை என்று ஒருத்தர் ஈரக்கோட்டோடு உட்கார்ந்து சொல்கிறார்.

"தெரிஞ்சும் ஏண்ணே பஸ் ஏத்தி விட்டீங்க?"

"திங்கக்கெழமை இடிக்கப்போறாங்க. இந்த வீடு இல்லைன்னா அந்தப் புள்ள எங்க போவா?" அவர் மாடிப்படியைப் பார்த்தார். "பெட்டியில எழுதியிருந்த பேரு அவளோடதுதானே. ஆனா உனக்காகக் காத்திருந்தா, அதை நான் சொல்லணும். செவ்வா, புதன், வியாழன் மூணு நாளும் ஜன்னல்லயே நின்னா. நீ வரல. 'வர்றேன்னு சொன்னவங்க இந்த வீட்டுக்கு வரமாட்டாங்கண்ணே'ன்னு சொன்னா. இன்னைக்கு நீ பஸ்ஸை விட்டு எறங்கறதைப் பாத்தேன். அவ உன் கையைப் பிடிச்சதையும் பாத்தேன். அதுக்கப்புறம்தான் அவளால படியில காலை வைக்க முடிஞ்சுது. உன்னைக் கூப்பிட எனக்கு வாய் வரல."

என் வலது கையைப் பார்த்தேன். டீ டம்ளரைப் பிடித்திருந்த பிறகும் அது இன்னும் ஜில்லென்றே இருந்தது.

கைக்குக் கை மாறிவிட்டது.

அன்று இரவு கூடத்தில் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன். விடிந்ததும் கிளம்பினேன். அண்ணி வாசல்வரை வந்தாள். மறுபடி வா என்று அவளால் சொல்ல முடியவில்லை. வருவதற்கு வீடும் இல்லை. "பாத்துப் போம்மா" என்றாள். பேர் சொல்லிக் கூப்பிட வந்து, பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

ஞாயிறு மாலை என் ஊர் ஸ்டேஷனில் இறங்கி, கடைக்காரர் ஒருவரிடம் போன் வாங்கி லினன் அறைக்கு அடித்தேன். என் உதவியாளர் எடுத்தாள்.

"நான்தான் பேசறேன். யாராவது என்னைத் தேடினாங்களா?"

"என்னக்கா ஆச்சு உங்களுக்கு?" என்று சிரித்தாள். "இப்பத்தானே சாவியை என் கையில குடுத்துட்டுக் கெளம்பினீங்க? அதுக்குள்ள என்ன?"

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும்னு நெனச்சேன். ஊருக்குப் போயிட்டு வந்ததும் மொகமே தெளிஞ்சிருக்கு. இன்னைக்கு எங்ககூட உக்காந்து சாப்பிட்டீங்களே, இத்தனை வருஷத்துல மொத தடவை."

போனைத் திருப்பிக் கொடுத்தேன். மூன்று தெரு தாண்டி என் வீடு. மூன்றாவது மாடி. படிக்கட்டில் எதிரே வந்த கீழ்வீட்டுப் பெண் என்னை ஒட்டி இறங்கிப் போனாள். தலையை ஆட்டினேன். அவள் பார்க்கவில்லை.

என் வீட்டில் விளக்கு எரிந்தது. கதவுக்கடியில் வெளிச்சம் ஒரு கோடாக விழுந்திருந்தது. உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம்.

தட்டினேன். சத்தம் நின்றது.

"யாரு?"

என் குரல்.

பேரைச் சொல்ல வாயைத் திறந்தேன். அந்தப் பேர் கதவுக்கு அந்தப்பக்கம் இருந்தது. நாக்கில் வேறு பேர் எதுவும் இல்லை. எனக்கு யாரும் வைக்கவே இல்லை.

"சின்னவ" என்றேன்.

தாழ்ப்பாள் விலகியது. கதவு ஒரு சாண் திறந்தது. அந்த வாடை இல்லை. சோப்பும் சுடுசோறும் மணந்தது. வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி நின்றதால் முகம் தெரியவில்லை. என் யூனிபார்ம் தெரிந்தது. இடது கை கதவு நிலையைப் பிடித்திருந்தது.

"வந்துட்டியா? சாப்ட்டியா?" என்றாள்.

எட்டு மாதத்தில் யாரும் என்னைக் கேட்காத கேள்வி. ஓடியிருக்க வேண்டும். எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் என் தலையைத் தடவினாள். பிறகு கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், பின்னறைக் கட்டிலில் உட்கார வைத்தாள்.

"நாப்பத்துநாலு வருஷம் நீ பாத்துக்கிட்டே" என்றாள் காதோரம். "போதும். இனிமே என் முறை. நீ படு."

கோபமில்லாமல்தான் சொன்னாள்.

மறுநாள் காலை சாவியை எடுத்துக்கொண்டு டூட்டிக்குக் கிளம்பினாள். வாசலில் நின்று, "சாயந்தரம் வந்துடறேன்" என்று சொன்னாள். அவள் தெருமுனை திரும்பும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். இது நடந்து பதினோரு நாள் ஆகிறது. அவள் இன்னும் வரவில்லை.

இன்று கதவு திறக்கும் சத்தம் கேட்டு ஓடினேன். வீட்டுச் சொந்தக்காரர், கூட ஒரு இளம் தம்பதி. இங்கே குடியிருந்த அம்மா தன் தம்பி வீட்டோடு போய்விட்டார், நல்ல மனுஷி, போகும்போது எல்லோரிடமும் சிரித்துச் சொல்லிக்கொண்டு போனார் என்று சொல்லி வீட்டைக் காட்டிக்கொண்டே வந்தார். யாரும் என்னைப் பார்க்கவில்லை. நான் ஜன்னலோரம் போய் நின்றேன். அந்தப் பெண் என் அருகே வந்து, ஒரு கணம் நின்று, மூக்கைச் சுளித்தாள்.

"என்னங்க இது," என்றாள் கணவனிடம். "துணி காயாத நாத்தம் மாதிரி இருக்கே?"